மளிகைச் சிட்டையும் குடும்ப ஆரோக்கியமும்



மாதம் பிறந்து முதல் வாரத்திற்குள் நம் கடைகளுக்கு வந்து சேரும் சிட்டைகளை நாம் இரண்டு முறை படிக்கிறோம். சரக்கு எடுத்து வைக்கும்போது ஒரு முறை, தொகை கூட்டும்போது ஒரு முறை. அந்த வீட்டார் இந்த மாதம் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று அறிவதற்காக மூன்றாவது முறை படிக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. எங்களுக்கும் இல்லாமல்தான் இருந்தது. மதுரையில் நாங்கள் நடத்தி வரும் சிறு மளிகைக் கடையில் நடந்த ஒரு சம்பவமே அந்த வழக்கத்தை எங்களுக்கு ஏற்படுத்தியது.

பல ஆண்டுகளாக எங்களிடம் மாதச் சரக்கு வாங்கும் ஒரு வீட்டு அம்மா, ஒரு நாள் சிட்டையைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். என்னம்மா என்று கேட்டோம்.

"பிள்ளைக்கு ரத்தம் பத்தலையாம் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல வந்து பார்த்த டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தினம் கீரை, பயறு எல்லாம் குடுங்கன்னாங்க. நீங்கதான் கீரையே வைக்கிறதில்லையே. நான் எங்க போய் வாங்குவேன்?"

உண்மைதான். வாடிப்போகும், நஷ்டம் வருகிறது என்று கீரை வைப்பதை நாங்கள் நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கீரைக்கூடை இருந்த இடத்தில், கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த கம்பி ஸ்டாண்டில் சிப்ஸ் பாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மா அதைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. ஆனால் நாங்கள் பார்த்துவிட்டோம்.

அன்று இரவு கடை அடைத்த பிறகு அந்தச் சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாகப் படித்தோம். கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார் என நால்வர் உள்ள வீடு. பொன்னி அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று, துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ, கடலை எண்ணெய் 2 லிட்டர், சூரியகாந்தி எண்ணெய் 3 லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர், சீனி 5 கிலோ, மைதா, ரவை, சேமியா, அப்பளம், பிஸ்கட் 12 பாக்கெட். முழுப் பயறு என்று ஒன்றுகூட இல்லை. நிலக்கடலை இல்லை, எள் இல்லை, கம்பு இல்லை, கேழ்வரகு இல்லை.

இது வசதி இல்லாத வீட்டின் சிட்டை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளுக்கு வரும் பத்துச் சிட்டைகளில் ஏழெட்டு இப்படித்தான் இருக்கும்.

ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு தேவை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குவது. அது 2024 இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி உணவு உண்ணும் ஒருவரின் தட்டில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் எள் போன்ற வித்துக்களும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. முட்டை, மீன், இறைச்சி உண்பவர்கள் பருப்பின் கணக்கில் ஒரு பகுதியை அவற்றால் ஈடு செய்துகொள்ளலாம்.

டாக்டர்கள் இதைக் கிராமில் சொல்வார்கள். நமக்கு அது மூட்டையிலும் டின்னிலும் தெரிந்தால்தான் புரியும். எனவே நால்வர் உள்ள வீட்டுக்கு 30 நாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழந்தைக்கும் முதியவருக்கும் அளவு கூடும், குறையும் என்றாலும் சராசரிக்கு இது போதும். தானியம் 30 கிலோ, பருப்பு, பயறு வகை 10 கிலோ, கடலை, எள் வகை 4 கிலோவுக்குச் சற்று மேல், எண்ணெய் ஏறக்குறைய மூன்றரை லிட்டர், காய்கறி 48 கிலோ, பழம் 12 கிலோ.

இப்போது மேற்படி சிட்டையோடு ஒப்பிடுவோம். நியாய விலைக் கடையில் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பைச் சேர்த்தாலும் அந்த வீட்டுக்குப் போகும் பருப்பு 6 கிலோதான். நான்கு கிலோ குறைகிறது. எண்ணெயோ, நியாய விலைக் கடை பாமாயில் ஒரு லிட்டரையும் சேர்த்தால் ஆறரை லிட்டர். மூன்று லிட்டர் அதிகம். சீனியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒருவரின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அது அடங்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்பதாகும். இருபதில் ஒரு பங்கு என்பது தலைக்கு 25 கிராம். நால்வருக்கு மாதம் 3 கிலோ. பிஸ்கட்டுக்குள்ளும் குளிர்பானத்துக்குள்ளும் இருக்கும் சர்க்கரையும் இந்த 3 கிலோவில் சேர்ந்ததே. அந்த வீட்டுக்குச் சீனியாக மட்டுமே 5 கிலோ போகிறது.

இதன் விளைவு நமக்குத் தெரியாததல்ல. 2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்த சோகை இருக்கிறது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது. வணிகர்களாகிய நாமும் அந்த 10 கோடியில் தாராளமாக இருக்கிறோம். கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருக்கும் தொழில் நம்முடையது.

கணக்கைப் போட்டு முடித்தபோது வியாபாரிக்கே உரிய ஒரு எண்ணமும் தோன்றியது. இந்தக் குடும்பம் டாக்டர் சொன்னபடி சாப்பிட ஆரம்பித்தால் நமக்கு நஷ்டமா? எண்ணெயில் மூன்று லிட்டரும் சீனியில் இரண்டு கிலோவும் குறையும். பாக்கெட் எண்ணெயிலும் சீனியிலும் நமக்கு நிற்பது என்ன என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகப் பருப்பு, பயறு 4 கிலோவும் நிலக்கடலை, எள் 4 கிலோவும் கூடும். காய்கறி வைத்தால் அதுவும் நம்மிடமே வரும். இவை எல்லாம் நாமே பார்த்துக் கொள்முதல் செய்து, புடைத்து, சுத்தம் செய்து, எடை போட்டு விற்கும் சரக்கு. நம் உழைப்புக்குக் கூலி கிடைக்கும் சரக்கு. கம்பெனி அச்சடித்த விலையில் பைசாக் கணக்கில் கமிஷன் வாங்கும் சரக்கல்ல.

கீரைக் கூடை கற்பித்த பாடம்

மறு வாரமே மறுபடி கீரை வாங்கிப் போட்டோம். அதில் பட்ட பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் கீரையில் கையைச் சுட்டுக்கொண்டுதான் அதை விட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் மார்க்கெட்டிலிருந்து அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று நாற்பது கட்டு கொண்டு வந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீர் தெளித்து வைத்தோம். பத்து மணிக்கு மேல் பாதி நின்றுவிட்டது. அடுக்கின் நடுவில் கையை விட்டால் சுடுகிறது. கீரையும் உயிருள்ளதுதான். பறித்த பிறகும் அது மூச்சு விடும். அடுக்கி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி இலை மஞ்சளடித்து அழுகும். மாலையில் பத்துக் கட்டுக்கு மேல் மாட்டுக்குப் போனது. இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே கதை.

பிறகுதான் யோசித்தோம். எங்கள் தெருவில் தினமும் காலையில் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கீரை விற்றுப் போகும் ஓர் அம்மா உண்டு. அவரை இதுவரை போட்டிக்காரராகவே பார்த்திருந்தோம். அவரிடம், தெருத் தெருவாகச் சுமந்து அலைய வேண்டாம், எங்கள் கடை வாசலில் எட்டரை மணி வரை உட்காருங்கள், அதற்கு மேல் நிற்கும் கட்டுகளை நாங்கள் ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றோம். அவருக்குத் தலைச்சுமை குறைந்தது. அன்று விடியற்காலையில் பறித்த கீரை எங்கள் வாசலுக்கே வந்தது. கீரை வாங்க வந்தவர்கள் பருப்பும் பூண்டும் மிளகாய் வற்றலும் வாங்கிப் போனார்கள்.

அடுத்ததாக ஒரு நோட்டுப் போட்டோம். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை எந்தக் கீரை என்று எழுதிக்கொண்டோம். முதலில் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது வீட்டார்தான். ஆனால் ஒன்பது கட்டு உறுதி என்று முதல் நாளே சொன்னால் பறிப்பவருக்கும் கணக்குத் தெரிகிறது, நமக்கும் வாடுவதில்லை. முருங்கைக்கீரையை எல்லா வீட்டிலும் கேட்பதில்லை, உருவிக் கொடுத்தால் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரம்தான் பிரச்சினையே தவிர விருப்பமின்மை அல்ல. கடைப் பையன் காலையில் சும்மா இருக்கும் அரை மணி நேரத்தில் உருவி, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவான்.

எஞ்சிய கட்டுகளை நனைத்த சாக்கின் மேல் பரப்பி, மேலே இன்னொரு ஈரச் சாக்கை லேசாகப் போர்த்த வேண்டும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். கொத்தமல்லி, புதினாவை வேரோடோ தண்டோடோ ஒரு பாத்திரத்தில் சிறிது தண்ணீர் விட்டு நிறுத்தி வைக்கலாம். இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பழுத்த வாழைத்தாரையும் தக்காளிப் பெட்டியையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் இலையை அது சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

விற்கும்போது இரண்டு வார்த்தை சொல்லி விற்கலாம். கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ உடன் இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. இதைச் சொன்னால் கீரை வாங்குகிறவர் இரண்டு எலுமிச்சம்பழமும் வாங்குவார். அதற்கு மேல் வைத்தியம் சொல்வது நம் வேலையல்ல, டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

உழவர் சந்தையும் நாமும்

1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயி நேரடியாக விற்கலாம், வியாபாரிக்கு உள்ளே இடமில்லை என்றதும் நம்மவர்கள் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் அனுபவம் வேறு. காலையில் காய் வாங்கக் கிளம்பி வரும் ஜனம் வெறும் காயோடு வீட்டுக்குப் போவதில்லை. சந்தைக்குப் போகும் வழியில் இருக்கும் மளிகைக் கடைகள் ஆறு மணிக்கே திறந்திருந்தால் வியாபாரம் உண்டு. தவிர, சந்தை வாசலில் தினமும் எழுதிப் போடும் விலைப் பலகை நமக்கு இலவச ஆலோசகர். அதைப் பார்த்துவிட்டு நம் கடையில் விலை வைத்தால், "சந்தையில் இவ்வளவுதானே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

காய்கறி வைக்கும் சிறு கடைக்காரர்களுக்கு எங்கள் ஆலோசனை, நாட்டுக் காயை முன்னால் வையுங்கள் என்பதே. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் இறங்கி, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கை மாறி நம்மிடம் வருவதற்குள் இரண்டு மூன்று கைகள் பட்டுவிடுகின்றன. அவை தாங்கும், பரவாயில்லை. ஆனால் கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை எல்லாம் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்திலேயே விளைகின்றன. நேற்று மாலை பறித்தது இன்று காலை நம் தட்டில் இருக்க முடியும். பறித்து நாள் ஆக ஆக இலைகளிலும் காய்களிலும் உள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும் என்பதால், புதுக் காய்க்கு ருசி மட்டுமல்ல, சத்தும் கூடுதல். தை மாதம் பச்சை மொச்சை வரும்போது அதை உரித்துக் கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் தேடி வருவார். கைப்பேசியில் கேட்டால் பத்து நிமிடத்தில் கொண்டு வந்து தருகிறார்களாம், தரட்டும். பாக்கெட்டில் அடைத்த மொச்சை எந்த ஊர்க் கொல்லையில் விளைந்தது என்று கொண்டு வரும் பையனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், கேட்டால் சொல்ல முடியும்.

உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் வைத்து விற்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். பச்சையான கிழங்கில் சொலனைன் என்ற நச்சு சேரும். அதைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிடாமல் எறிந்துவிட வேண்டும்.

வாழைப்பழம், மாம்பழம் விற்பவர்கள் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த சரக்கைத் தொடவே வேண்டாம், சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. மொத்த வியாபாரியிடம் எதில் பழுக்க வைத்தது என்று கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

பயறும் சிறுதானியமும்

முழுப் பயறு விற்காமல் கிடக்கிறது, வண்டு விழுகிறது என்பதுதான் நம்மவர்கள் சொல்லும் குறை. மூட்டைக் கணக்கில் வாங்கினால் வண்டு விழத்தான் செய்யும். நாங்கள் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் பத்துப் பத்துக் கிலோவாகவே எடுக்கிறோம். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனால் இரண்டு வாரத்தில் தீர்ந்து புதுச் சரக்கு வருகிறது. ஒரு மூட்டை வாங்கி மிச்சம் பிடித்த காசு, வண்டு விழுந்த கடைசி பத்துக் கிலோவில் போய்விடுவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

பெரிய அளவில் இருப்பு வைக்கும் மொத்த வியாபாரிகள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். துளைகள் உள்ள ஒரு குழாய்தான் அது. தானியத்துக்குள் செருகி வைத்தால் நடமாடும் வண்டுகள் துளை வழியே அடியில் விழுந்துவிடும். வண்டு தொடங்கிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவது, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைப்பது ஆகியவை நம் தகப்பனார் காலத்திலிருந்து வரும் பாடம்தான். ஆனால் ஐப்பசி மழையில் எத்தனை கடைகளில் இதைப் பார்க்க முடிகிறது?

நிலக்கடலையில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக்கூடியது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டே எடை போட வேண்டும். நல்ல கடலையோடு கலந்து தள்ளிவிடுவது பாவம். சட்டப்படி குற்றமும்கூட. 1954 ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2011 ஆகஸ்ட் 5 முதல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் நடைமுறையில் இருப்பது நம் அனைவருக்கும் தெரியும்.

சிறுதானியத்திற்கு 2023 நல்ல ஆண்டாக அமைந்தது. ஐக்கிய நாடுகள் சபை அதைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு அழகான டப்பாக்களில் அடைத்த குதிரைவாலியும் சாமையும் பெரிய கடைகளின் அலமாரிகளில் ஏறிவிட்டன. பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் விளையும் குதிரைவாலியை, பேரையூரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் மதுரையில் டப்பா விலைக்கு வாங்குவானேன்? சில்லறையாக எடை போட்டு, எப்படிச் சமைப்பது என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் போதும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு துளிதான். முதியவர்களும் வளரும் பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். நீரிழிவுக்காரர்களிடம் மட்டும் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட வேண்டாம். சிறுதானியமும் தானியமே, அளவு உண்டு.

கல்லா முன்னால் என்ன இருக்கிறது?

கடைக்கு வரும் சிறுபிள்ளையின் கண் உயரத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் அது கேட்கும். கம்பெனிக்காரர்கள் இதை நன்றாக அறிந்துதான் ஸ்டாண்டை இலவசமாகத் தருகிறார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பிறகு, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் கம்பெனிக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் முடிவெடுத்ததை மறந்திருக்க மாட்டோம். எதை விற்பது என்பதில் நமக்கும் ஒரு குரல் உண்டு என்று அன்று காட்டினோம். அந்த வேகம் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உள்ளூர்ப் பன்னீர் சோடாவிலும் சர்க்கரை சர்க்கரைதான்.

நாங்கள் சிப்ஸ் ஸ்டாண்டை ஒழித்துவிடவில்லை, அப்படிப் பொய் சொல்ல விரும்பவில்லை. அதைக் கடையின் உள்பக்கச் சுவருக்கு மாற்றினோம். கல்லா முன்னால் கடலை மிட்டாய் பாட்டிலும் எள்ளுருண்டை பாட்டிலும் பொரிகடலையும் வாழைத்தாரும் வந்தன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம். சிப்ஸ் விற்பனை குறைந்தது, நின்றுவிடவில்லை. முதல் இரண்டு மாதம் அந்த இடத்தில் வரவு குறைவாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு வாழைப்பழம் கைகொடுத்தது.

அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பங்களை மறந்துவிட்டு ஆரோக்கியம் பேசுவதில் பொருளில்லை. அவர்களிடம் மாதச் சிட்டை கிடையாது. மாலையில் கூலி வாங்கி வந்து அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குபவர்கள். ஐம்பது கிராம் எண்ணெய், நூறு கிராம் பருப்பு என்று எடை போடப் பெரிய கடைகளில் ஆள் இல்லை. நம்மிடம்தான் இருக்கிறது. ஒரு வேளைச் சாம்பாருக்கான முருங்கை, கத்தரி, தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்துக் கதம்பக் காய் என்று ஒரு பொட்டலமாகக் கட்டி வைக்கிறோம். மாலை ஆறு மணிக்கு அது இருப்பதில்லை. ஊற வைத்த பயறு ஒரு கைப்பிடிப் பொட்டலமும் அப்படியே. இரவு வந்து ஊற வைக்க அவர்களுக்கு நேரம் ஏது? பாக்கி நோட்டில் எழுதும்போதும், பருப்பு, முட்டை, காய் என்றால் தயங்காமல் எழுதுவது, சிகரெட், நொறுக்குத் தீனி என்றால் ரொக்கம் மட்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். இது சரியா என்று சக வணிகர் ஒருவர் எங்களோடு வாதாடினார். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதுதான் வியாபாரம் என்பது அவர் கட்சி. எங்கள் கடன், எங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டோம்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. கீரைக்கும் காய்க்கும் மஞ்சள் பைதான் நல்லது. சட்டத்துக்காக மட்டுமல்ல, காற்றோட்டத்துக்காகவும்.

அந்த அம்மாவின் மகளுக்கு அரசு மருத்துவமனையில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டாள், கீரையும் சாப்பிட்டாள். இப்போது தேறிவிட்டாள் என்று அம்மா சொன்னபோது, கீரையால்தான் என்று நாங்கள் பெயர் தட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுச் சிட்டை இந்த மாதமும் வந்தது. கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, சூரியகாந்தி ஒன்றுதான். தட்டைப்பயறு 1 கிலோ, பாசிப்பயறு 1 கிலோ, கொண்டைக்கடலை 1 கிலோ, நிலக்கடலை 2 கிலோ, கேழ்வரகு 2 கிலோ, சீனி மூன்றரை கிலோ. கீழே, மாமியாரின் கையெழுத்தில், பிஸ்கட் 12 பாக்கெட். எடுத்து வைத்திருக்கிறோம்.